ஒரு அடி முன்னால் வா

சென்னையை அடுத்த வேலப்பன்சாவடிக்கு மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்க எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களிடம் வரும் நோயாளிகளில் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரரும் உண்டு, பீகார்காரரும் உண்டு. ஆளைப் பார்த்ததுமே, நமக்கே தெரியாமல், மனசு ஒரு முத்திரை குத்திவிடுகிறது. அதைப் பற்றி வகுப்பில் பேசியே ஆகவேண்டும். எப்படிப் பேசுவது என்பதில்தான் சில தவறான நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன.

நம்பிக்கை: பாதிக்கப்பட்டவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தினால் மற்றவர்களுக்கு உறைக்கும்.

எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, “வீட்டில் உனக்குத் தனி அறை உண்டா? ஒரு அடி முன்னால் வா. அப்பா காலேஜ் படித்தவரா? இன்னொரு அடி” என்று நடத்தும் விளையாட்டு பல பயிற்சிகளில் உண்டு. நானும் நடத்தியிருக்கிறேன். பத்தாவது கேள்வியில், புறப்பட்ட கோட்டிலேயே ஒரு பெண் மட்டும் நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். முன்னால் நின்றவர்கள் அன்று ஏதோ கற்றுக்கொண்டார்கள். அதற்கான விலையை அவள் கொடுத்தாள். அதன்பிறகு அதை நான் நடத்தவில்லை.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமத்துச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். அது 2004-இல் வெளிவந்தது. சாதி பேச்சில் வராதவரை, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் போட்டார்கள். பெயரோடு சாதியையும் உரக்கச் சொன்ன குழுக்களில், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் முடித்த புதிர்கள் கணிசமாகக் குறைந்தன. புதிர் என்னவோ அதேதான்.

இப்போது நான் பெயரில்லாத துண்டுச்சீட்டு கொடுக்கிறேன். தனக்கு நேர்ந்ததை எழுதலாம், வரையலாம், இந்தியிலோ தெலுங்கிலோ எழுதலாம், வெறுமனே மடித்தும் தரலாம். கலைத்துப் போட்டு, அடுத்தவர் எழுதியதைத்தான் வாசிக்க வேண்டும். வாசிக்க விரும்பாதவர் சீட்டைப் பக்கத்தில் தள்ளிவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது.

நம்பிக்கை: ஒருநாள் பயிற்சி வைத்தால் போதும்.

மனசில் ஊறிய பேதத்தைக் குறைக்கும் ஒன்பது முறைகளை அமெரிக்காவில் 18 பல்கலைக்கழகங்களில் சோதித்த ஆய்வு 2016-இல் வந்தது. ஒன்பதும் உடனடியாகப் பலன் தந்தன. சில மணி நேரத்திலோ சில நாளிலோ அந்தப் பலன் காணாமல் போனது.

நம்பிக்கை: என் மனசில் பேதமே கிடையாது.

ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்திய ஆசிரியர்களிடம் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்தார்கள். முகப்பில் இருந்த சாதி, ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் எழுதியது. ஒடுக்கப்பட்ட சாதி என்றிருந்த தாளுக்கு மதிப்பெண் சற்றே குறைந்தது. குறைத்தவர்களில் அதே பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். பொதுத்தேர்வில் திருத்துபவருக்குப் பெயர் தெரியாது. இன்டர்னல் மார்க்கிலும் வைவாவிலும் பெயரும் முகமும் எதிரிலேயே இருக்கின்றன. அங்கே நல்ல மனசை நம்புவதைவிட, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கேள்வி கேட்கும் முன்பே எழுதிவைப்பது மேல்.

நம்பிக்கை: பக்கத்தில் உட்காரவைத்தால் போதும்.

சாதி வெறியில் பள்ளி மாணவனை வெட்டிய நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைக்கச் சொல்லி 2024-இல் பரிந்துரைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, சேர்ந்து ஒரு வேலையும் வேண்டும். உத்தரப்பிரதேசத்திலேயே மாட் லோ நடத்திய கிரிக்கெட் ஆய்வில், ஒரே அணியில் ஆடிய வேறு சாதி இளைஞர்களிடையே நட்பு கூடியது. எதிரணியாக மோதியபோது அந்தப் பலன் இல்லை.

அதனால் நான் கடைசியாகக் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: தமிழ் படிக்கத் தெரியாத நோயாளிக்கு மாத்திரை கவர் தயாரிக்க வேண்டும், நான்கு பேர் சேர்ந்து. போன முறை ஒரு குழுவில் மூன்று பேர் எந்த மொழியில் எழுதுவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான்காவது மாணவி, தமிழே எழுதத் தெரியாதவள், கவரை இழுத்து ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்தாள். நிலாவுக்குக் கீழே இரண்டு வட்டம் போட்டாள்.