மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்

உங்கள் அப்பா அம்மாவுக்கு ஐம்பதாம் கல்யாண நாள் வருகிறதா? மண்டபம் அப்புறம் பிடிக்கலாம். முதலில் வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்கள் அண்ணன் மண்டபம் பிடிப்பதில் கெட்டிக்காரர். பெட்டியைத்தான் பல வருஷம் முன்பே தொலைத்துவிட்டார்.

1966ஆம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் புண்ணியத்தில் ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் சொற்ப வாடகைக்கு எத்தனையோ குடும்பங்கள் காலம் தள்ளின. 1999 டிசம்பரோடு அது முடிந்தது. குயின் ஸ்ட்ரீட் பக்கம் எங்கள் மாடியும் கைவிட்டுப் போயிற்று. சாமான் ஏற்ற லோரி வந்த அன்று, “கரையான் தின்ற காகிதம்” என்று அண்ணன் அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா சிறுமியாக ‘ரஜூலா’ கப்பலில் வந்திறங்கிய காலத்துக் காகிதங்கள், சிவப்பு ஐசிக்காரரான அப்பா 1969க்குப் பிறகு வேலை பெர்மிட்டுக்கு அலைந்த கடிதங்கள், மாரியம்மன் கோயிலில் கல்யாணத்துக்குக் கட்டிய ரசீது எல்லாம் அதில்தான். 1982 மார்ச்சில் புதிய திருமணச் சட்டம் அமலாகும்வரை நம் கல்யாணங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. அதற்கு முன் முறைப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்கிறது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ஏற்க வேண்டுமே! அப்பா போன பிறகு, பாதி நூற்றாண்டு கூட வாழ்ந்த அம்மாவிடம் “மனைவி என்பதற்கு அத்தாட்சி?” என்றார்கள். கல்யாணத்தைப் பார்த்த அத்தையை அழைத்துப்போய்ச் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தோம். அலைந்தது நான், அண்ணன் இல்லை. உங்கள் பெற்றோர் 1982க்கு முன் மணந்தவர்கள் என்றால், இருவரும் இருக்கும்போதே பதிவிலாகாவுக்கு அழைத்துப்போய்ப் பதிந்துவிடுங்கள். பழைய கல்யாணங்களைப் பதியவும் சட்டத்தில் வழி உண்டு.

நல்லவேளை, அப்பா இருந்தபோதே இருவர் பேச்சையும் கைப்பேசியில் பிடித்து வைத்தேன். படங்களை நகலெடுப்பது, பெயர் எழுதி வைப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: தம்பதியைத் தனித்தனியாக உட்கார வையுங்கள். சேர்ந்திருந்தால் அப்பா பேசுவார், அம்மா பசியாறலுக்குத் தோசை வார்க்கப் போய்விடுவார். 1985 பற்றிக் கேட்டேன். அப்பாவுக்கு அது பினாங்குப் பாலம் திறந்த வருஷம். முதல் வாரமே மோட்டாரில் போய்வந்த பெருமை. அம்மாவுக்கோ ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பிடித்த வருஷம். அதோடு கப்பல் பயணம் நின்றது. விமானத்துக்குக் காசு சேர்வதற்குள் நாகப்பட்டினத்தில் அவருடைய அக்கா போய்விட்டார். அப்பாவுக்கே இது தெரியாது. நான் போட்டுக் காட்டியபோது, “என்கிட்ட சொல்லலையே” என்றார். “நீங்க எங்க கேட்டீங்க?” என்றார் அம்மா.

விழாவில் இதைப் போட அண்ணி விடவில்லை, “அழுகைக் கதை எதுக்கு?” என்றார். கொடிமலையில் எடுத்த படங்கள் சினிமாப் பாட்டோடு திரையில் ஓடின. இப்போது அவர்கள் மகள் அந்தப் பதிவைக் கேட்டாள். அவளுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் அனுப்பவில்லை.