வீட்டில் வாயாடி... வகுப்பில் மௌனமா?

‘‘வீட்ல ஓயாம பேசறான். கிளாஸ்ல டீச்சர் கேள்வி கேட்டா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கறானாம். ஏன்னே புரியலை!’’

பல அம்மாக்களின் புலம்பல் இது. பிள்ளையைத் திட்டுவதற்கு முன் உங்கள் வீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வந்த விருந்தாளி, ‘‘என்ன கண்ணா படிக்கறே?’’ என்று கேட்கிறார். குழந்தை வாயைத் திறப்பதற்குள், ‘‘நாலாவது படிக்கறான்’’ என்று பதில் சொல்வது யார்? நீங்கள்தானே! தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால், ‘‘இதுகூடத் தெரியலையா?’’ என்று எல்லார் முன்னாலும் சிரிப்பதும் நாம்தான். ‘பேசினால் வம்பு’ என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது. வகுப்பில் எழுந்து நிற்கும்போதும் அதே பயம்தான்.

குழந்தை வளர்ப்பு முறைகளை 1960-களில் மூன்றாகப் பிரித்தார், அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட். ‘சொன்னதைச் செய், எதிர்த்துப் பேசாதே’ என்ற கெடுபிடி ஒன்று. இஷ்டத்துக்கு விட்டுவிடுவது இரண்டாவது. கண்டிப்போடு காரணமும் சொல்லி, குழந்தை சொல்வதையும் காது கொடுத்துக் கேட்பது மூன்றாவது. இந்த மூன்றாவது முறையில் வளர்ந்த குழந்தைகளிடம்தான் தன்னம்பிக்கை அதிகம் இருந்தது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கேள்வி கேட்டபின் அவர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் கண்டறிந்தார் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர். மூன்று விநாடிகள் பொறுத்தபோது பதில்கள் நீண்டன. அதிகம் பேசாத மாணவர்களும் பேச முன்வந்தார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியவை:

* கேள்வி கேட்டால், மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். குறுக்கே பதில் சொல்லாதீர்கள்.

* கடையில் பென்சில் வேண்டுமா? குழந்தையே கேட்டு வாங்கட்டும்.

* தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். விட்டுக்கொடுப்பது, தன் முறைக்குக் காத்திருப்பது, ‘எனக்குப் புரியலை’ என்று கேட்பது எல்லாம் அங்கே தானாக வரும்.

* ‘இவன் கூச்ச சுபாவம்’ என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

அமைதியான சுபாவம் நோயல்ல. பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் பேசாமல் இருப்பதும் சகஜம். அதன் பிறகும், வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்காவிட்டால், குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது பிடிவாதமல்ல, பதற்றம். உங்கள் வளர்ப்பின் தப்பு என்று குமைய வேண்டாம், சிகிச்சையால் சரியாகும்.

இன்று மாலை குழந்தை ஏதாவது சொல்ல வந்தால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, ‘‘அப்புறம் என்னாச்சு?’’ என்று கேளுங்கள். ஒன்று... இரண்டு... மூன்று... பேசுவான் பாருங்கள்!