முதல் மழை இரவில் டார்ச்சோடு கிளம்புகிறவர்களுக்கு

பிரிட்டனில் வசந்தம் வந்தால் தேரைகள் குளம் தேடிச் சாலை கடக்கும். வாளியில் அள்ளி மறுபக்கம் விடுவதற்கென்றே அங்கே தன்னார்வக் குழுக்கள் இருக்கின்றன. புதுச்சேரியில் நமக்கு வசந்தம் கணக்கில்லை, மழைதான் கணக்கு. காய்ந்த மண்ணில் கொட்டும் முதல் பெருமழை, அப்புறம் ஐப்பசி அடைமழையின் ஆரம்பம். அந்த இரவுகளில் ஊசுட்டேரி ஓரத்திலும் பாகூர் வயல்களுக்கு நடுவே போகும் ரோடுகளிலும் வண்டியை மெதுவாக விடுங்கள். "எல்லாம் தவளைதானே" என்று கடந்துவிடுகிற கூட்டத்தில் ஐந்தாறு இனங்களாவது கலந்திருக்கும்.

அடையாளம் காண நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனம் பழுப்பாகவும் சாம்பலாகவும் செம்மண் நிறமாகவும் வரும். ஈரத்தார் ரோட்டில், மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே ஒன்றுபோல் தெரியும். பார்க்க வேண்டியவை கண்ணுக்குப் பின்புறம், விரல் நுனி, குதிகால், முதுகுத்தோல்.

கண்ணுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவுக்குப் புடைத்த சுரப்பி இருந்தால் அது சொறித்தவளை. தலையில் கறுப்பு விளிம்பு கட்டிய மேடுகள் இருக்கும். தோல் உலர்ந்து சொரசொரக்கும். நீளமாகத் தாவாது, குட்டிக் குட்டியாகத்தான் குதிக்கும். தெருவிளக்கின் கீழே பூச்சி பொறுக்கிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவதால் டயருக்கு எளிதாகச் சிக்குவது இதுதான்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது வளைத்தவளை. அதுவும் உருண்டை, அதுவும் கரடுமுரடு. ஆனால் அந்தச் சுரப்பி கிடையாது. பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலில் மண்வெட்டி விளிம்பாகக் கெட்டியான ஒரு மேடு தெரியும். இளகிய மண்ணில் விட்டுப் பாருங்கள், பின்பக்கமாகவே தோண்டி இறங்கிவிடும். ஊதிய உடம்பில் தலையே இல்லாததுபோல் இன்னொன்று வரும். தொட்டால் இன்னும் உப்பும். கறையானும் எறும்பும் தின்று ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் பலூன் தவளை அது. பகலில் தேடி அலைந்து பயனில்லை.

விரல் நுனி வட்டத் தகடாக விரிந்திருந்தால் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்குமே, அந்த மரத்தவளை. நுனி முக்கோணமாக, முதுகில் செங்கல் நிறப் பட்டைகளோடு இருந்தால் வண்ணத்தவளை. அதன் தோல் பிசுபிசுவென்று கையில் ஒட்டும்.

உள்ளங்கையை நிரப்பும் பெருந்தவளை என்றால் முதுகைப் பாருங்கள். நீளவாக்கில் மடிப்புகள் ஓடினால் அது வயல் பெருந்தவளை. இனப்பெருக்க நாட்களில் ஆண் எலுமிச்சை மஞ்சளாகி, தாடையின் இருபுறமும் நீலப் பை புடைக்க நிற்கும். புது இனம் என்று எண்ணிவிட வேண்டாம். இதன் கால்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரத்துக்கு 1987-இல்தான் தடை வந்தது. முதுகு மடிப்பின்றி வழவழவென்று பச்சையாக இருந்தால் குளத்துப் பச்சைத்தவளை. லெசோன் என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 1834-இல் இதை அறிவியலுக்கு விவரித்ததே நம் புதுச்சேரியில் கிடைத்ததை வைத்துத்தான். தண்ணீரை விட்டு அதிகம் விலகாத இனம். ரோட்டில் கண்டால் பக்கத்திலேயே குளமோ ஏரியோ இருக்கும்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, தலையின் பக்கவாட்டில் ஒன்று, விரல்களுக்கு ஒன்று, பாதத்தின் அடிக்கு ஒன்று. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். இந்திய பல்லுயிர் இணையதளத்தில் ஏற்றலாம். அதை உருவாக்கியதில் நம்மூர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. நசுங்கிக் கிடப்பதையும் விடாதீர்கள், விரலும் குதிகாலும் பெரும்பாலும் தப்பியிருக்கும். 2001-இல் வெளியான ஆனைமலைச் சாலை ஆய்வு அப்படி இறந்து கிடந்தவற்றைக் கணக்கெடுத்ததுதான்.

தூக்கி விடுவதென்றால் கையை மழைத்தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடுங்கள். கொசுவிரட்டிக் களிம்போ சானிடைசரோ பூசிய கை கூடாது, தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கமே கொண்டு விடுங்கள். பாவம் பார்த்துக் கிணற்றில் போட்டால் வெளியேற வழி இருக்காது. சொறித்தவளையைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணில் வைக்காதீர்கள்.

இனங்காண்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தவளை வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். ரோட்டோரப் புல்லில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தால் டார்ச் வெளிச்சத்திலும் சருகாகத்தான் தெரியும். கணுக்கால் மூடும் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம், புல்லுக்குள் கை விடவே வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்ச் சேருங்கள். விழுப்புரம் நெடுஞ்சாலையில் தவளைக்காக வண்டியை நிறுத்தவும் வேண்டாம்; கிராமத்து ரோடுகளே போதும், அதுவும் பளிச்சென்ற சட்டை போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு.