ரஸ்தா வேலைக்கு முன் செய்யவேண்டிய கல்நார்ச் சோதனை

பச்சைமலையில் ரஸ்தாக்கள் அகலப்படுத்தப்படுவதும் ஓடைகளின்மேல் சிறு பாலங்கள் அமைவதும் குடியானவர்களுக்கு மிகவும் அனுகூலமான காரியங்கள் என்பதில் ஐயமில்லை. வண்ணாடு, கோம்பை முதலிய இடங்களில் விளையும் மரவள்ளியும் முந்திரியும் அடிவாரத்துச் சந்தைக்கு இறங்குவதற்கு ரஸ்தாவே வழி. ஆயினும், ரஸ்தா செல்லும் நிலத்தை முன்கூட்டியே சோதிக்கும் விஷயத்தில் நம் கிராமங்களில் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை. சோதனை என்றதும் என்ஜினீயர் கல் நாட்டி மட்டம் பார்ப்பதையே பலரும் நினைக்கின்றனர். அது வேறு. அந்த நிலத்திலும் அதன் ஓரங்களிலும் மண்ணையும் ஜலத்தையும் மூச்சையும் கெடுக்கக்கூடிய பொருள் யாதேனும் உண்டா என்று பார்ப்பதையே இங்கு சொல்லப் புகுகிறோம். அப்பொருள்களுள் கிராமத்தார் எல்லோரும் அறிந்தும் அறியாததுபோல் இருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்.

கல்நார் என்பது பாறையினுள் நரம்புபோல் ஓடும் ஒரு தாதுப்பொருள். நம் தேசத்தில் இது புலிவெந்துலாப் பக்கத்திலும் ராஜஸ்தானத்திலும் வெட்டி எடுக்கப்பட்டது. இப்பொழுது தகடு செய்வதற்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. பச்சைமலையின் பாறைகள் சார்னோக்கைட்டு, நைஸ் இனத்தைச் சேர்ந்தவை. ஆகையால் நம்மிடம் கல்நார் மலையிலிருந்து வருவதில்லை, கடையிலிருந்து வருகிறது. வீட்டுக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் வேயும் சிமெண்டு ஷீட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பங்கு கல்நார். எஞ்சியதில் பெரும்பகுதி சிமெண்டு. ஏ.சி. பைப் என்று சொல்லப்படும் குடிநீர்க் குழாயிலும் இதுவே கலந்திருக்கிறது. காவிரிக்கரையிலுள்ள மாயனூரில் இத்தகைய குழாய் செய்யும் சர்க்கார் தொழிற்சாலை முன்பு இருந்தது. எனவே, பழைய குடிநீர்த் திட்டங்களின் குழாய்கள் நம் பக்கத்து ரஸ்தா ஓரங்களில் புதைந்து கிடப்பது வியப்பன்று.

உடையாத தகட்டினால் உடனே கேடு விளையும் என்று அஞ்சவேண்டியதில்லை. கூரையைப் பிரித்தெறியுங்கள் என்று யாம் சொல்லவும் இல்லை. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும், பாசியைக் கம்பிப் பிரஷ்ஷினால் சுரண்டும்போதுமே நார் கிளம்புகிறது. மூச்சுடன் உள்ளே செல்லும் நார் 3 மைக்ரானுக்கும் குறைந்த பருமன் உடையது; தலைமயிரோ சுமார் 70 மைக்ரான். ஆகவே அது கண்ணுக்குத் தெரியாது, தும்மலையும் உண்டாக்காது. நுரையீரலில் தைத்துக்கொண்டபின் கரைவதும் இல்லை. நுரையீரல் இறுகும் நோயும், புற்றுநோயும், மார்பின் உட்சவ்வில் தோன்றும் ஒரு விசேஷப் புற்றுநோயும் 20 முதல் 40 வருஷம் கழித்துத் தலைகாட்டும். 1995ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு, கல்நார்த் தொழிலாளிகளின் ஆரோக்கியப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாள்முதல் குறைந்தது 40 வருஷம் வரையிலாவது காப்பாற்றி வைக்கவேண்டும் என்று உத்தரவிட்டதன் காரணம் இதுவே. இன்று தூசியில் நின்ற கூலியாளுக்கு நோய் வரும் காலத்தில் கண்டிராக்டரும் இரார், எஸ்டிமேட்டும் இராது.

ரஸ்தா அகலப்படும்போது நடப்பது யாது? ஓரத்திலுள்ள தொழுவமும் டீக்கடைக் கூரையும் ஒரே நாளில் தள்ளப்படுகின்றன. பொக்லைன் வாளி பழைய குழாயைக் கவ்வி நொறுக்குகிறது. அத்துண்டுகளை, ‘கல்லுக்குக் கல்லாயிற்று’ என்று பள்ளத்தில் கொட்டி ரோலரை ஓட்டுகிறார்கள். இன்னும் வருந்தத்தக்கது, உடைந்த தகட்டை நம் குடியானவர்களே கேட்டு வாங்கிச் சென்று, சேறு மிகுந்த தொழுவ வாசலிலும் களத்துக்குப் போகும் வண்டிப்பாதையிலும் பரப்பிக்கொள்வது. வண்டிச் சக்கரத்தின்கீழ் அது நாள்தோறும் மாவாகிறது. அதே களத்தில்தான் தானியமும் தூற்றப்படுகிறது.

பழைய பாலங்களில் கம்பி செல்லும் குழாய்களிலும், மழைநீர் இறங்கும் குழாய்களிலும், தூணுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள மெத்தைகளிலும் கல்நார் இருக்கக்கூடும். ஆகையால் அமெரிக்காவில் பாலத்தை இடிக்குமுன் தகுதிபெற்ற சோதகர் பார்த்தாகவேண்டும். பாலம் நிற்கும்போதே பார்ப்பதுதான் பயனுடையது. திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்து 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் பாலத்தை நினைவுகூர்க. 2016இல் புதுப்பாலம் வந்தபின் அது போக்குவரத்தின்றி நின்றது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சில சரிந்தன. அதில் கல்நார் இருந்தது என்று யாம் கூறவில்லை. இத்தகைய கட்டடம் தானாக ஆற்றில் விழுந்தபின் அதனுள் என்ன இருந்தது என்று யார் சோதிப்பது?

சோதனையின் முதற்கட்டம் மண்வெட்டி இல்லாமலே நடப்பது. கிராம நிர்வாக அலுவலர் தம் அ-பதிவேட்டையும் அடங்கலையும் புலப்படத்தையும் எடுத்து, ரஸ்தா செல்லும் சர்வே எண்களில் முன்பு என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும். பூச்சிமருந்துக் கிடங்கு, எண்ணெய் கொட்டிய என்ஜின் கொட்டகை, குப்பையால் தூர்ந்த புறம்போக்குக் குழி ஆகியவற்றை ஊரின் முதியவர்கள் பதிவேட்டைவிட நன்றாகச் சொல்லுவார்கள். பிறகு ரஸ்தா நெடுக நடந்து, ஒவ்வொரு தகட்டுக் கூரையையும் குழாய் செல்லும் தடத்தையும் குறிக்கவேண்டும். தகட்டின்மேல் ஐ.எஸ். 459 என்ற முத்திரை இருந்தால் அது கல்நார்த் தகடு. ஐ.எஸ். 14871 என்றிருந்தால் வேறு நாரினால் ஆனது. குழாய்க்கு ஐ.எஸ். 1592. முத்திரை அழிந்த பழைய தகட்டைக் கல்நார் என்றே கொள்ளுதல் உத்தமம். ஐயமிருப்பின், நனைத்து எடுத்த நகமளவு துண்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டிப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பலாம். அமெரிக்காவில் நூற்றுக்கு 1 பங்குக்கு மேலிருந்தால் அதைக் கல்நார்ப் பொருளாக எண்ணுகிறார்கள்.

இவ்வாறு நடக்கும்போதே, வெட்டும் மண் எங்கே கொட்டப்படும் என்றும் கேட்டு வைத்துக்கொள்க. மலைச்சரிவில் மேல் ரஸ்தாவின் மண் கீழ்க்காட்டு மேல்மண்ணை மூடினால் அந்நிலம் தேற அநேக வருஷம் ஆகும். ஊற்றுக்கண் அடைபட்டால் திரும்பத் திறப்பது துர்லபம்.

தகட்டை இறக்கும் முறை கடினமானதன்று. முதலில் நன்றாக நனைக்கவேண்டும். நீரில் சிறிது சோப்பு கலந்தால் உள்ளே ஊறும். கொக்கி போல்ட்டைக் கழற்றி, தகட்டை முழுதாகக் கயிற்றில் இறக்கவேண்டும், எறியலாகாது. கனத்த பாலித்தீனில் இருமடியாகச் சுற்றி, இன்னதென்று எழுதி, ஆடுமாடும் குழந்தைகளும் அணுகாத ஓரிடத்தில் அடுக்கவேண்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்த நாரைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டி முகமூடியே வேண்டும். அபாயக் கழிவுகள் பற்றிய 2016ஆம் வருஷத்து விதிகளின் அட்டவணையில் கல்நார்க் கழிவு சேர்ந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இத்தகைய கழிவுகளைப் புதைக்கும் ஸ்தலம் உண்டு. பச்சைமலையிலிருந்து அவ்வளவு தூரம் கொண்டுபோகும் செலவைத் தனிக் குடியானவர் ஏற்க முடியாது.

ஆதலால் சோதனை எஸ்டிமேட்டுக்கு முன்பே முடியவேண்டும். முன்னதாகக் கண்டால் இறக்குக்கூலி, பாலித்தீன், லாரி வாடகை யாவும் வேலைச் செலவில் ஏறும். பொக்லைன் வந்தபின் கண்டால் அது இரவோடிரவாக ஓடையில் விழும். 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கை தேசிய, மாநில நெடுஞ்சாலைகளையே குறிப்பதால், ஊராட்சி ரஸ்தாவுக்கு அதன்படி யாரும் சோதனைக்கு வரமாட்டார்கள். ஆனால் 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி, ரஸ்தாவுக்காக 1 ஹெக்டேருக்குக் குறைந்த வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேற்படாமல் வெட்டி, எடுத்துக்கொள்வதற்குக் கிராம சபையின் சிபாரிசு அவசியம். அந்தச் சிபாரிசுத் தீர்மானத்திலேயே, தகடுள்ள வீடுகளின் ஜாபிதாவையும், குழாய்த் தடத்தின் படத்தையும், மண் கொட்டும் இடத்தின் சர்வே எண்ணையும் சேர்த்து, இவற்றின் செலவு எஸ்டிமேட்டில் அடங்கவேண்டும் என்று எழுதலாம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மானத்தின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஜில்லா அலுவலகத்துக்கும் விரைவுத்தபாலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வைத்துக்கொள்க.