புள்ளி வைத்தால் சொல் வரும்

கேள்வி: ‘ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், முதலில் எஸ், நடுவில் ஏ, கடைசியில் ஈ’ என்று கேட்டால் கணினி நொடியில் பட்டியல் தருகிறதே, இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: தேவையை உண்டாக்கியது குறுக்கெழுத்து. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் முதல் புதிரை வெளியிட்டார். 1924இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் புதிர்களைத் தொகுத்து, கூடவே ஒரு பென்சிலையும் வைத்து விற்றது. அமெரிக்கா முழுக்க அந்தப் பித்து பரவியது. சொற்களை எழுத்து எண்ணிக்கைப்படி அடுக்கிய அகராதிகளும் பின்னால் வந்தன. ஆனால் அகர வரிசை, முதல் எழுத்து தெரிந்தவருக்குத்தான் உதவும். நடு எழுத்து மட்டும் தெரிந்தவர் பக்கம் பக்கமாகத் தேடித்தான் ஆகவேண்டும்.

அந்தச் சிரமத்தைத் தீர்த்த வழி, சொல் விளையாட்டுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத இடத்திலிருந்து வந்தது. நரம்பணுக்கள் எப்படி இயங்கக்கூடும் என்பதைக் கணிதத்தில் எழுதிப் பார்த்த ஸ்டீபன் கிளீனி, 1950களில் எழுத்துத் தொடர்களின் அமைப்பைச் சில குறிகளால் சொல்லும் முறையை உருவாக்கினார். 1968இல் கென் தாம்ப்சன் அதைக் கணினித் தேடலுக்குக் கொண்டுவந்தார். பிறகு பெல் லேப்ஸ் ஆய்வகத்தில், ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளை ஆராய விரும்பினார் லீ மக்மஹோன். 1787–88இல் ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் அவை. எது யாருடையது என்பது சர்ச்சை. மொத்தக் கட்டுரைகளும் அன்றைய திருத்தும் நிரலுக்குள் அடங்கவில்லை. தாம்ப்சன் அதிலிருந்த தேடும் பகுதியை மட்டும் தனியே எடுத்து ‘கிரெப்’ என்ற நிரலாக்கிக் கொடுத்தார் என்று அவருடைய சகா பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். 1973இல் அது யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வெளிவந்தது.

அதில் ஒரு புள்ளி என்றால் ‘ஏதோ ஓர் எழுத்து’. ‘^’ என்றால் வரியின் தொடக்கம், ‘$’ என்றால் முடிவு. வரிக்கு ஒரு சொல்லாக எழுதிய கோப்பில், இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே ஐந்து புள்ளி வைத்தால் ஐந்தெழுத்துச் சொற்கள் மட்டும் வரும். நீங்கள் கேட்டதற்கு: எஸ், புள்ளி, ஏ, புள்ளி, ஈ. ஷேர், ஷேப், ஷேக், ஸ்பேஸ், ஸ்டேஜ், ஸ்டேட், ஸ்கேல், ஸ்னேக், ஸ்லேட், ஸ்கேட் என்று சரம் நீளும். நீளம் என்ற நிபந்தனையைத் தனியாகச் சொல்லவே வேண்டாம், புள்ளிகளின் எண்ணிக்கையே அதைச் சொல்லிவிடுகிறது. இந்த எளிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

எழுத்து எந்த இடத்தில் என்று தெரியாமல், ‘எங்காவது இருந்தால் போதும்’ என்றால்? அதற்கும் 1973தான் விடை. டக் மெக்கில்ராய் விடாமல் வலியுறுத்தியதால், ஒரு நிரலின் விடையை அடுத்த நிரலுக்குள் நேரே செலுத்தும் ‘பைப்’ வசதியையும் தாம்ப்சன் யூனிக்ஸில் சேர்த்தார். முதல் தேடலில் ஏழெழுத்துச் சொற்கள், அதிலிருந்து கே உள்ளவை, அவற்றிலிருந்து டபிள்யூ உள்ளவை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துக்கொண்டே போகலாம்.

தேடுவதற்குப் பட்டியல் வேண்டுமே! 1934இல் வெளியான வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்த சுமார் 2,35,000 சொற்கள் யூனிக்ஸ் கணினிகளில் இருந்தன. கெர்னிகனும் ராப் பைக்கும் 1984இல் எழுதிய யூனிக்ஸ் நூலில், ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் இதே வரிசையில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்களை அதில் தேடிக் காட்டினார்கள். வேடிக்கையாகப் பேசுவதைக் குறிக்கும் ‘ஃபசீஷியஸ்’, உணவில் அளவோடு இருப்பதைக் குறிக்கும் ‘அப்ஸ்டீமியஸ்’ இரண்டும் அப்படிக் கிடைப்பவை. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருப்பது அகராதிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பட்ட பாடு. தேடும் நிரல்களைப் பாராட்டுகிற நாம் அவர்களை மறந்துவிடுகிறோம்.

கேள்வி: ஆங்கிலத்தில் எஸ் இவ்வளவு புழங்குகிறதே, ஸ்க்ராபிள் பெட்டியில் மட்டும் ஏன் நாலே நாலு?

பதில்: திட்டமிட்டே குறைத்தார்கள். 1930களின் பொருளாதாரச் சரிவில் வேலை இழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் பட்ஸ், நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளிதழ்களை எடுத்துவைத்து எழுத்துகளைக் கையால் எண்ணினார். எது எத்தனை முறை வருகிறது என்று பார்த்து வில்லைகளைப் பிரித்தார். ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8. அரிதாக வரும் க்யூவும் இசட்டும் ஒவ்வொன்று, மதிப்பு தலா 10. எஸ் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கைப் பின்பற்றவில்லை. ஆங்கிலப் பன்மைக்கு ஓர் எஸ் போதும். அது கையில் நிறைய இருந்தால் அடுத்தவர் வைத்த சொல்லில் ஒட்டியே மதிப்பெண்ணை அள்ளிவிடலாம். பட்ஸ் எடுத்த முடிவுகளிலேயே இதுதான் கூர்மையானது என்பேன். ‘ஸ்க்ராபிள்’ என்ற பெயர் அவர் வைத்ததல்ல. 1948இல் ஜேம்ஸ் புருனோ வைத்தது.

கேள்வி: வேர்டில் விளையாட்டில் வரும் சொற்களைக் கணினியா தேர்ந்தெடுக்கிறது?

பதில்: முதல் பட்டியலைத் தேர்ந்தெடுத்தவர் பலக் ஷா. நியூயார்க்கின் புரூக்ளினில் வசித்த மென்பொருள் பொறியாளர் ஜோஷ் வார்டில், தன் இணையரான அவருக்காகவே இதை உருவாக்கினார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 கிடைத்தன. அகராதியில் மட்டுமே வாழும் சொல்லை விடையாக வைத்தால் தோற்றவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பலக் ஷா அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்தது, தெரியாதது என்று பிரித்தார். சுமார் 2,500 தேறின. 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்த விளையாட்டை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. இதேபோல் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் ‘ஜாட்டோ’ விளையாட்டு 1955லேயே உண்டு. ஆனால் வேர்டில் இவ்வளவு நியாயமாகத் தோன்றியதற்குக் காரணம் பலக் ஷாவின் பொறுமை.

கேள்வி: க்யூவுக்குப் பின்னால் யூ வராத ஆங்கிலச் சொல் உண்டா?

பதில்: உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘குயின்’ என்ற சொல்லையே சி, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் க்யூவும் யூவும் ஜோடியாக வந்தன. யூ இல்லாமல் வருபவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. புர்கா, நிகாப், ஏமனில் மெல்லும் காட் இலை போன்றவற்றில் அரபியின் ‘காஃப்’ எழுத்துக்கு ஈடாகக் க்யூ நிற்கிறது. ஸ்க்ராபிளில் யூ கிடைக்காமல் க்யூவோடு தவிப்பவர்களுக்குச் சீன மொழி கைகொடுக்கிறது: உயிராற்றலைக் குறிக்கும் ‘சீ’. எழுதும்போது க்யூ, ஐ என்று இரண்டே எழுத்து, 11 மதிப்பெண். வட அமெரிக்க ஸ்க்ராபிள் போட்டிகளின் சொற்பட்டியலில் 2006 முதல் அதற்கு இடமுண்டு.