சினைமுட்டையின் நெடுங்காத்திருப்பு

மனித உடலணுவில் 46 குரோமோசோம்கள் உள. பாலணுவில் அவை 23 ஆகக் குறைதல் வேண்டும். அதனை நிகழ்த்துவதே குன்றல் பகுப்பு. ஆணிடம் இது பருவ வயதில் தொடங்கி ஓயாது நடைபெறுகிறது. பெண்ணிடமோ, அவள் தன் தாயின் கருவறையில் இருக்கும்போதே தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது! பூப்பெய்தியபின் மாதந்தோறும் பெரும்பாலும் ஒரு சினைமுட்டையே முதற்பகுப்பை முடிக்கும். இரண்டாம் பகுப்பு, விந்தணு உட்புகுந்தாலன்றி நிறைவெய்தாது.

ஆகவே 40 வயதுத் தாயின் முட்டையில் குரோமோசோம் இணைகள் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிரியாது காத்திருந்தன. அப்பிணைப்பு நாட்பட நலிவதால், 21ஆம் இணை பிரியத் தவறுதல் கூடும். குழந்தைக்கு 47 குரோமோசோம்கள் அமையும். டவுன் நோய்க்குறிக்கு இம்மிகைக் குரோமோசோமே காரணமென 1959இல் பிரான்சில் லெஜூன் குழுவினர் காட்டினர். தாய் உண்டதையும் கண்டதையும் குறை கூறுவோர் இதனை எண்ணுவாராக. இளந்தாயரிடத்தும், சிறுபான்மை தந்தையின் அணுவிலும் இப்பிழை நேர்வதுண்டு.