விசைப்பலகைக்குள் ஓர் இலக்கணப் பாடம்

ஒவ்வொரு மொழியும் விசைப்பலகையைத் தன் எழுத்துகளுக்கு ஏற்பத் திருத்திக் கொள்கிறது. ஆங்கிலத்தில் இல்லாத மூன்று உயிரெழுத்துகளுக்கு டேனிஷ் மொழியினர் தனி விசைகள் வைத்துள்ளனர். போலிஷ் மொழியில் வாலோ கோடோ புள்ளியோ பெற்ற ஒன்பது எழுத்துகள் உண்டு. வலப்பக்க ஆல்ட் விசையோடு இன்னொரு விசையை அழுத்தி அவற்றைப் பெறுகின்றனர்.

247 எழுத்துகள் கொண்ட தமிழுக்கு என்ன வழி?

முதல் வழிகளுள் ஒன்றைக் காட்டியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய இரா. முத்தையா. அவர் வடிவமைத்த தட்டச்சுப் பொறியில் 'நகரா விசை' இருந்தது. புள்ளியை அடித்தால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழேயே பதியும்.

கணினிக் காலத்தில், 1985இல் மலேசியரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தொடங்கினார். ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு தட்டும் அஞ்சல் முறை பலரைத் தமிழில் எழுத வைத்தது. 1999இல் தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. இன்று ஆப்பிள் கருவிகளில் இவ்விரண்டும் உள்ளன.

தமிழ்99இல் 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசைகளே அடிப்படை. உயிர்கள் இடப்பக்கம்; மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். விதிகள் நாம் பள்ளியில் படித்தவைதாம்:

1. மெய்யோடு உயிர் சேரும்: ம, ஐ – மை.

2. ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானே வரும்: ஈ, ப, ப, ஓ – ஈப்போ. நான்கே தட்டல்.

3. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானே வரும்: ச, உ, ங, க, ஐ – சுங்கை.

4. புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகரத்தைத் தட்ட வேண்டும்: ம, அ, ம, த, ஐ – மமதை.

அஞ்சல் முறை விரைவில் பழகிவிடும் என்பது உண்மை. ஆயினும் அதில் லகர ளகரங்களையும் ரகர றகரங்களையும் ஆங்கிலச் சிறிய, பெரிய எழுத்துகளாகவே விரல் நினைவில் கொள்கிறது. தமிழ்99இல் ஒவ்வொன்றுக்கும் தனி விசை. தட்டத் தட்ட எழுத்து வேறுபாடு கையில் பதிகிறது. குறுஞ்செய்திகளில் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிவிட்ட நமக்கு இப்பயிற்சி மிகவும் தேவை.

பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த பாட்டி தாத்தாக்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டியவர்கள் நாமே. அவர்கள் சொன்ன 'மழை'யும் 'மலை'யும் ஏட்டில் ஒன்றாகிவிடக் கூடாது.

நாள்தோறும் பதினைந்து நிமிடம் பழகுங்கள். முதற்பயிற்சியாக, உங்கள் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள்.